ஒட்டகமும் பல்பொடியும்

செப்டம்பர் 6

நாத்தனார் மகாராணிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். உன் ஆள் தலையில் கிரீடம் ஏறிவிட்டது, உனக்கென்ன குறைச்சல்?

என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாயே, அதற்கே உன்னை உதைக்க வேண்டும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், கஷ்டப்பட்டுப் படி. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறாள் ஒருத்தி. அவள் குரலைக் கேட்டுக் கேட்டு, இந்த வாரம் அவள்தான் எனக்கு நாத்தனார் மாதிரி ஆகிவிட்டாள். உன்னைவிட மரியாதையாகப் பேசுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அழகிப் போட்டியில் நடந்தது உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நீ இன்னொரு தரம் கேட்க வேண்டும். கடைசிச் சுற்று. என் மயிலு, நீ வாய்க்கு வாய் ஒட்டகம் என்பாயே, அவளேதான், நீலக் கவுனில் மேடைப் படியில் இறங்கி வருகிறாள். இங்கே நான் டீவி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன நடை, என்ன கழுத்து! அப்போது கவுனின் முன் ஓரத்தை மிதித்தாள். அவ்வளவுதான். நடுவர்கள் காலடியில் குப்புற விழுந்தாள். விழுந்தவள் எழுந்து சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அழுகையே வந்தது. உன் ஆள், நான் பல்பொடி என்று பேர் வைத்தவள், ஓடி வந்து கை கொடுத்தாளே, அது நடிப்பு. காமிரா இருந்தால் யார்தான் கை கொடுக்க மாட்டார்கள்? பாத்திரம் கழுவும்போதுகூடப் பல்லைக் காட்டுவாள் போலிருக்கிறது. கடைசியில் கிரீடம் அவளுக்கே போயிற்று.

சரி, அந்தக் கவுனுக்குக் கீழ்மடிப்பு தைத்தது யார்? நீ.

போன மாசம் நீ போனில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "ஒட்டகத்தோட கவுன் என் மேசைக்கு வந்திருக்கு அண்ணி. குப்புற விழ வைக்கிறேனா இல்லையா பாருங்க." சொன்னாயா இல்லையா? அப்படியே நடந்துவிட்டது. வாயில் சர்க்கரை போடட்டுமா?

ஆமாம், மயிலு ரசிகைகள் குழுவில் நான்தான் சொன்னேன். அந்தக் குழுவுக்குத் தலைவி நான், வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? "கவுனைத் தைச்சவ என் சொந்த நாத்தனார். எதிர்க்கட்சி. விழ வைக்கிறேன்னு என் காதுபடச் சொன்னா" என்று பேசிப் பதிவு செய்து போட்டேன். அது எங்கெங்கோ போய்ச் சுற்றுகிறதாம். சுற்றட்டும்.

மடிப்பை ஏன் நீளமாக விட்டாய்? பதில் போடு. போடாவிட்டால் பஸ் ஏறி வந்து உன் வாசலில் உட்கார்ந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன் பெண்டாட்டி
(அண்ணி என்று போட இன்றைக்கு மனசில்லை)


செப்டம்பர் 11

அண்ணிக்கு,

உங்களுக்கு அந்த வார்த்தையைப் போட மனசில்லை. எனக்கு உங்களைக் கூப்பிட வேறு வார்த்தை கிடையாது. அதனால் போடுகிறேன்.

போன் அணைந்தே கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பேச்சு சுற்றியதே, அதோடு என் நம்பரும் சேர்ந்து சுற்றியது. முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டார்கள். ஒருத்தி என் கை விளங்காமல் போகட்டும் என்றாள். அழகாகப் பேசினாள், நன்றாகப் படித்தவள் போல. இன்னொருத்தி எங்கள் தையல் பட்டறையின் வாசலைப் படம் எடுத்து எனக்கே அனுப்பி, "எப்ப வெளிய வருவே?" என்று கேட்டாள். தங்கியிருக்கும் விடுதியில் என் அறைத் தோழி கதவைத் தாழ் போட்டுவிட்டு, தாழை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறாள். இவர்கள் எல்லாரும் உங்கள் குழு ஆட்கள். நீங்கள் தலைவி.

முதலாளியம்மா என்னைக் கவுன் மேசையிலிருந்து எழுப்பிப் பொத்தான் மேசைக்கு அனுப்பிவிட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் உட்காரும் இடம் அது. "மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துப் பாக்குறேன். இந்தச் சத்தம் அடங்கலைன்னா நீ வேற இடம் பாத்துக்கம்மா. போட்டி நடத்துறவங்க அடுத்த வருஷம் நம்ம பட்டறைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இந்த வேலைக்கு வர நான் என்ன பாடுபட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்ததே நீங்கள்தான்.

மடிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் எந்தச் செருப்பைப் போடப்போகிறார்களோ அதைக் கொண்டுவந்து, அதைப் போட்டுக்கொண்டு முக்காலி மேல் நிற்க வேண்டும். அப்போதுதான் கீழ்மடிப்புக்கு அளவு எடுப்போம். உங்கள் மயிலுவும் ஹீல்ஸ் கொண்டுவந்தாள். நல்ல உயரம். நான் தரையில் மண்டி போட்டுச் சுற்றிச் சுற்றிக் குண்டூசி குத்தினேன். துணி தரையைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டேன். நடக்கச் சொல்லிப் பார்த்தேன், உட்காரச் சொல்லிப் பார்த்தேன், படி ஏறி இறங்கச் சொல்லியும் பார்த்தேன். எங்கேயும் இடறவில்லை.

பிறகு ஏன் விழுந்தாள்? எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து என் கையையே நான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுத எனக்கு எவ்வளவு கோபம் வருகிறது தெரியுமா? என் கையை நானே சந்தேகப்படும்படி செய்துவிட்டீர்கள்.

போனில் நான் சொன்னது விளையாட்டு. நீங்களும்தானே சிரித்தீர்கள்? விக்கல் எடுத்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் சிரித்தீர்கள். அதைக் குழுவில் ஏன் சொல்லவில்லை?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று அதே குழுவில், அதே வாயால் சொல்லுங்கள். மாசக் கடைசிக்குள் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 15

அடியே ஊசி,

கடிதமா எழுதியிருக்கிறாய்? ஒவ்வொரு வரியும் குத்துகிறது. உனக்கு ஊசி என்று பேர் வைத்த என் வாய்க்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நம்பர் போனது என் வேலை இல்லை. நான் உன் பேரைக்கூடச் சொல்லவில்லை. வாசலைப் படம் எடுத்தவள் எவள் என்று விசாரித்தேன். தெரிந்தது. அவளைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன், அது வேறு கதை. உன்னைத் திட்ட எனக்கு மட்டும்தான் உரிமை. கண்டவள் எல்லாம் திட்ட நீ என்ன பொதுச் சொத்தா?

ஆனால் விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். எப்படிச் சொல்வது? விழுந்தாளே! விளையாட்டென்று சொன்னது வினையாகி, மேடையில் ஒருத்தி முட்டி பெயர்ந்து கிடந்தாளே! மடிப்பு சரி, கை சரி, முக்காலி சரி, குண்டூசி சரி. எல்லாம் சரி என்றால் எதை மிதித்து விழுந்தாள்? முக்காலியில் நின்றதற்கும் மேடைக்கு வந்ததற்கும் நடுவில் துணி வளர்ந்துவிட்டதா, அல்லது அவள் தேய்ந்துவிட்டாளா? இதற்குப் பதில் சொல், அப்புறம் என் வாயைப் பற்றிப் பேசு.

உன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. உன்னோடு பேசலாம் என்றால் நீ போனை அணைத்து வைத்திருக்கிறாய். லிப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், நடுவில் நின்றுபோன லிப்ட் மாதிரி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் தொங்கிக்கொண்டிருக்கிறார். நேற்று, "அவ என் தங்கச்சி" என்றார். "நான் யாரு?" என்றேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் வயிற்றெரிச்சல் உனக்குப் புரியாது. அந்தப் பெண்ணை நான் முதல் சுற்றிலிருந்து பார்க்கிறேன். எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள், நான் செருப்புக் கடையில் வேலை செய்கிறவள், காலைப் பார்ப்பேன். அந்த உயரமான ஹீல்ஸில் அவள் ஒவ்வொரு அடிக்கும் கடைவாயைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. குதிகால் ஓரம் சிவந்து கிடந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? குழுவில் சொல்லி, எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்கு ஒரு ஜோடி அனுப்பினோம். தங்க நிறம். நானே கடை முழுக்கத் தேடி எடுத்தது. உயரம் இல்லை, உள்ளே மெத்து மெத்தென்று இருக்கும், குழந்தையைத் தொட்டிலில் போட்ட மாதிரி கால் உட்காரும். "அம்மாமாரோட பாசம்" என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தோம்.

கடைசிச் சுற்றுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள்! அவ்வளவு பெரிய மேடை, எத்தனை விலையுயர்ந்த செருப்புகள் அவளிடம் இருந்திருக்கும்! யாரோ முகம் தெரியாத பொம்பளைகள் அனுப்பியதை மதித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். படியில் முதல் அடி வைத்தபோது கவுனுக்கு அடியில் தங்க முனை மின்னியது. நான் கத்திய கத்தலில் உன் அண்ணன் கையிலிருந்த டீ கொட்டியது. அடுத்த நிமிஷம் விழுந்தாள்.

அப்படிப்பட்ட தங்கத்தை உன் மடிப்பு தள்ளிவிட்டது. நான் எப்படி வாயை மூடுவேன்?

கோபம் தீராத,
மயிலு ரசிகைகள் குழுத் தலைவி


செப்டம்பர் 19

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது.

அந்தச் செருப்பு விஷயத்தை இனி யாரிடமும் பேசாதீர்கள். கடையிலும் பேசாதீர்கள், குழுவிலும் பேசாதீர்கள். என்னிடமும் கேட்காதீர்கள்.

விளையாட்டு என்று சொல்லச் சொன்னேனே, அதுவும் வேண்டாம். எதையும் கிளறாதீர்கள். நான் பொத்தான் தைத்துக்கொள்கிறேன். மாசக் கடைசியில் போகச் சொன்னால் போகிறேன்.

உங்கள் மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. அதையும் முழுசாகப் பட முடியாமல் செய்துவிட்டீர்கள்.

நாத்தனார்


செப்டம்பர் 23

ஏய் ஊசி,

என்ன கடிதம் இது? தந்தி அடிக்கிறாயா? செருப்பைப் பற்றிப் பேசாதே என்று எனக்கே உத்தரவா? பேசுவேன். எங்கள் காசில் நாங்கள் வாங்கினோம், எங்கள் ஆளுக்கு அனுப்பினோம். உனக்கு வயிறு ஏன் எரிகிறது? உன் பல்பொடிக்கு எவளும் எதுவும் அனுப்பவில்லை என்ற பொறாமைதானே? வேண்டுமானால் ஒரு பல் துலக்கும் பிரஷ் அனுப்பு. அவளுக்கு அதுதான் அதிகம் தேவைப்படும்.

கடையில் ஆள் வந்துவிட்டது. மீதியை வந்து எழுதுகிறேன். இன்னும் நிறைய இருக்கிறது உனக்கு.


செப்டம்பர் 25

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். என் லட்சணம் உனக்கும் தெரியட்டும்.

அன்றைக்கு வந்தது ஒரு அம்மாவும் மகளும். மகள் ஏதோ விழாவுக்குப் போட வேண்டிய நீள உடுப்பைப் பையில் கொண்டுவந்திருந்தாள். போட்டுக்கொண்டு வந்து காட்டு என்றேன். தட்டையான செருப்பு கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி வரைக்கும் நடந்தாள். துணி தரையில் இழுபடுகிறது.

"என்ன கண்ணு, கடையைக் கூட்டித் தர்றியா? சம்பளம் கேக்கக் கூடாது" என்றேன்.

அவள் அம்மாவுக்குக் கோபம். "தைக்கிறவ நீளமா வச்சுத் தொலைச்சிட்டா. வேலை தெரியாதவ. இன்னிக்கே போயி நாலு வார்த்தை கேக்கறேன்."

"தைச்சவளை ஏம்மா திட்டுறீங்க? எந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு அளவு குடுத்தீங்க?"

"அது நல்ல உயரம். கால் வலிக்குதுன்னு சொன்னா, அதான் இது கேக்கறோம்."

"அப்புறம் என்ன? ஆளைக் குட்டையாக்கிட்டா துணி தெருவைத்தான் கூட்டும்."

சொல்லிவிட்டேன். என் வாயாலேயே சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக வருகிறவர் போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிற வார்த்தை அது. சொல்லி முடித்ததும் கால் அளக்கிற முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண், "ஆன்ட்டி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்கிறாள். அவள் அம்மா, விலையைக் கேட்டால்தானே மயக்கம் வரும், இந்த அம்மாவுக்கு ஏன் வருகிறது என்று பார்க்கிறாள்.

முக்காலியில் நின்றபோது ஹீல்ஸ். மேடைக்கு வந்தபோது என் தங்கச் செருப்பு. துணியும் வளரவில்லை, அவளும் தேயவில்லை. அவளை இறக்கிவிட்டது நான்.

உனக்கு இது எப்போது தெரிந்தது? என் போன கடிதத்தைப் படித்த அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். ஏன்டி சொல்லவில்லை? உன் கை சுத்தம் என்று நிரூபிக்க ஒரு வரி போதுமே! "நீங்கள் அனுப்பிய செருப்புதான் அண்ணி காரணம்" என்று எழுதி என் முகத்தில் எறிந்திருக்க வேண்டியதுதானே? பொத்தான் தைத்துக்கொள்கிறேன், வேலையை விட்டுப் போகிறேன் என்று பெரிய தியாகி மாதிரி எழுதுகிறாய். உன்னைத் திட்டிய கூட்டம் என் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தாயா? எனக்குத் திட்டு வாங்கத் தெரியாதா? கல்யாணம் ஆகி உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் அம்மாவிடம் வாங்கியதை எல்லாம் நீதானே பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாய்? என்னைக் காப்பாற்ற நீ யார்? எனக்கு வருகிற ஆத்திரத்தில் இந்தப் பேனா உடைந்துவிடும்.

குழுவில் சொல்லிவிட்டேன். தலைகீழாக நின்றாலும் இனி நீ தடுக்க முடியாது. நான் பேசியது இது, அப்படியே எழுதுகிறேன்:

"தலைவி பேசுறேன். கவுன்ல தப்பில்லை. தைச்சவ மேலயும் தப்பில்லை. ஹீல்ஸுக்கு அளந்து தைச்ச துணி. உயரத்தைக் குறைச்சது நான் எடுத்த செருப்பு. என் நாத்தனார் விழ வைக்கிறேன்னு சொன்னது விளையாட்டு. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன், அதை உங்ககிட்ட மறைச்சேன். அவளைத் திட்டினவங்க எல்லாம் அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. யாரையாவது திட்டியே ஆகணும்னா என்னைத் திட்டுங்க. நேராவே கடைக்கு வாங்க. செருப்பு என்கிட்ட நிறைய இருக்கு, உங்களுக்குப் பிடிச்சதா எடுத்துக்கலாம்."

இதையே உன் பல்பொடிக் கூட்டத்தின் குழுவுக்கும் அனுப்பினேன். அதுதான் கஷ்டமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எங்கள் குழுவில் சொன்னபோது நாக்குதான் ஒட்டிக்கொண்டது. உங்கள் குழுவில் சொன்னபோது காது மடல் வரைக்கும் சுட்டது. நீங்கள் எல்லாரும் சேர்ந்து சதி செய்தீர்கள் என்று நாங்கள் பேசாத பேச்சில்லையே, அதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

என்னைத் தலைவி பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். "எங்க பொண்ணோட கிரீடத்தைச் செருப்பால தட்டிவிட்டவ" என்கிறார்கள். சரிதானே? கடையில் கூட வேலை பார்க்கிறவள், "அக்கா, எதிரிக்கு அனுப்ப ஒரு ஜோடி இருக்கா?" என்று கேட்கிறாள். உன் அண்ணன் பேச ஆரம்பித்துவிட்டார். பேசாமலே இருந்திருக்கலாம், அவ்வளவு அறிவுரை.

இதை உன் முதலாளியம்மா காதில் போடு. இல்லையென்றால் நானே வந்து போடுகிறேன்.

என்னைக் காப்பாற்றியதற்காக உன்னை மன்னிக்க மாட்டேன்.

அண்ணி


செப்டம்பர் 30

அண்ணி,

யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? வேண்டாம் என்று எழுதினேன் இல்லையா? ஒரு தடவையாவது நான் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்களா?

போனைத் திறந்துவிட்டேன். உங்களோடு பேசுவதற்கு இல்லை. எங்கள் குழுவில் உங்கள் முகத்தை ஒரு செருப்பு மேல் ஒட்டி, "செருப்பு ராணி" என்று படம் போட்டு விடிய விடியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அறைத் தோழி சொன்னாள். பார்த்தேன். என் குழு, என் ஆட்கள், போனை அணைக்கும் வரை எனக்கு ஆறுதல் சொன்னவர்கள். அவர்களிடம் எழுதினேன்: "அது என் அண்ணி. எதிரணி வாசலுக்கு வந்து தலை குனிஞ்சு நின்னவங்க. நம்மள்ல ஒருத்தி அப்படிச் செய்வாளா? நான் செய்ய மாட்டேன்." பிறகு ஒவ்வொருத்தியாகப் படத்தை நீக்கினார்கள். நீக்காத ஒருத்தியோடு இன்னும் சண்டை போய்க்கொண்டிருக்கிறது. தோற்க மாட்டேன்.

உங்கள் ஆட்களில் சிலர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அழகாகப் பேசி என் கையைச் சபித்தவள் இன்னும் எழுதவில்லை.

முதலாளியம்மாவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேற்று அவளே வந்துவிட்டாள். ஒட்டகம். உங்கள் மயிலு. யாரும் கூட வரவில்லை. சாதாரண உடுப்பு, முட்டியில் இன்னும் காயத்தின் தடம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "கீழ்மடிப்பு தைச்ச அக்கா யாரு?" என்று கேட்டாள். நான் பொத்தான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன். எத்தனை மாசமாக அவள் கழுத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்! அந்தக் கழுத்தை வளைத்து, என் எதிரில் இருந்த சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணி பேசினதை இன்னிக்குத்தான் கேட்டேன். விழுந்த நிமிஷமே எனக்குச் செருப்புன்னு தெரியும். அவ்வளவு பாசமா அனுப்பினதைக் காட்டிக் குடுக்க மனசு வரலை, அதான் வாயைத் திறக்கலை. ஆனா சத்தியமா உங்களை இப்படித் திட்டுறாங்கன்னு தெரியாதுக்கா. விழுந்ததிலேருந்து நான் போனையே தொடலை. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

முதலாளியம்மா கேட்டுக்கொண்டே நின்றார். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கவுன் மேசையிலிருந்து என் கத்தரிக்கோலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அவ்வளவுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் என் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளிடம் ஒன்று சொன்னேன் அண்ணி. உங்களிடமும் சொல்ல வேண்டும். அவள் விழுந்தபோது நான் விடுதிக் கூடத்தில் டீவி பார்த்துக்கொண்டிருந்தேன். கை தட்டினேன். பத்துப் பேர் நடுவில் எழுந்து நின்று தட்டினேன். மடிப்பில் தப்பில்லைதான். ஆனால் அந்தக் கை தட்டிய கைதான். நீங்கள் திட்டியபோது எனக்கு அவ்வளவு வலித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவளிடம் சொன்னதும், ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "நானும் உங்க ஆளு பாட்டுச் சுற்றில சுதி தப்பினப்ப உள்ளுக்குள்ள தட்டினேன்கா" என்றாள்.

பையிலிருந்து நீலக் கவுனை எடுத்தாள். தங்கச் செருப்பையும் எடுத்தாள். "இதுக்குத் தக்கன மடிப்பை ஏத்திக் குடுங்க. அடுத்த நிகழ்ச்சிக்கு ரெண்டையும் சேர்த்துத்தான் போடப்போறேன்" என்றாள். மறுபடியும் முக்காலியில் ஏறி நின்றாள். மறுபடியும் நான் மண்டி போட்டுக் குண்டூசி குத்தினேன். செருப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அவள் கடைவாயைக் கடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொண்டு போக வருகிறாள். நீங்களும் வந்தால் பார்க்கலாம். நான் கூப்பிடவில்லை. தகவல் சொல்கிறேன்.

நாத்தனார்


அக்டோபர் 3

என் அருமை ஊசிக்கு,

வருகிறேன். சண்டைக்குத்தான் வருகிறேன். இந்தக் கடிதத்தில் பாதிதான் திட்டியிருக்கிறாய், மீதியை நேரில் வாங்கிக்கொள்ள வேண்டும். கை தட்டினாயா? பத்துப் பேர் நடுவிலா? இரு, வந்து வைத்துக்கொள்கிறேன். உன் அண்ணனும் வருகிறாராம். ஓடத் தொடங்கிய லிப்டை யாரால் நிறுத்த முடியும்?

அந்தப் பெண் எதிரில் என்ன பேசுவது என்று இப்போதே கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறேன். எனக்கே ஒத்திகை வேண்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள். இனிமேலும் அவளை நீ ஒட்டகம் என்று சொல்லலாம். நீ மட்டும். வேறு எவளாவது சொன்னால் நடப்பது வேறு.

இன்னொன்று. இதை வெளியே சொன்னால் நான் உன் அண்ணியும் இல்லை, நீ என் நாத்தனாரும் இல்லை.

என் செருப்பின் முனை தெரிகிறதா என்று பார்க்க, அந்தப் படிக் காட்சியை நேற்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். மயிலு விழுகிறாள். காமிரா அவள் மேல்தான் இருக்கிறது. திரையின் ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், உன் பல்பொடியின் கால் மட்டும் தெரிகிறது. செருப்பு விற்கிறவள் கண்ணுக்குக் கால் தப்புமா? ஹீல்ஸோடு ஓட முடியாது என்று இரண்டையும் உதறி எறிந்துவிட்டு வருகிறாள். ஒன்று மேடையிலேயே உருண்டு கிடக்கிறது. தன் முறைக்கு நடக்க வேண்டியவள், எல்லாரும் பார்க்கிற மேடை, கிரீடம் இன்னும் யாருக்கும் போகவில்லை. வெறுங்காலோடு ஓடி வருகிறாள். கிட்டே வந்ததும் முகம் தெரிகிறது, அதில் அந்தச் சிரிப்பும் இல்லை. நான் அதைத்தான் நடிப்பு என்று எழுதினேன். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். உன் அண்ணன், "என்ன, கட்சி மாறிட்டியா?" என்றார். ரிமோட்டைத் தலையில் போட்டேன்.

கட்சி எல்லாம் மாறவில்லை. அடுத்த வருஷமும் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்தான்.

ஆனால் அவளுடைய கால் அளவு என்ன என்று உன் குழுவில் விசாரித்து வை. ஒரு ஜோடி அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் அவள் என்ன உடுப்புப் போடப்போகிறாள் என்று கேள், கீழே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று அளந்து சொல். நீ அளந்து சொன்ன பிறகுதான் நான் கடையில் கையையே வைப்பேன்.

உன் அண்ணி